சென்னை – சிங்கப்பூர்: தூரம், நேரம், காற்று (வடசென்னைக் கேள்விகளும் பதில்களும்)

தண்டையார்பேட்டை: அண்ணே, சிங்கப்பூருக்கு எத்தனை கிலோமீட்டர்? ஆளுக்கொரு கணக்கு சொல்றாங்க.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 2,900 கி.மீ. வங்கக் கடலைத் தாண்டி கிரேட் நிக்கோபார் பக்கமாக, சுமத்ராவின் வடமுனை, பிறகு மலாக்கா நீரிணை. இதுதான் நேர்வழி. ஏறும் திசை, இறங்கும் வரிசை, மழை மேகத்துக்கு ஒதுங்குவது எல்லாம் சேரும்போது பறக்கும் தூரம் சற்றுக் கூடும்.

கொருக்குப்பேட்டை: காலை 10 மணிக்கு ஏறினா மாலை 4.50-க்கு இறங்கும்னு டிக்கெட்ல இருக்கு. திரும்பும்போது மாலை 6-க்கு ஏறி 7.50-க்கே சென்னை. அச்சுப் பிழையா?

பிழை இல்லை அக்கா. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். இரண்டுமே 4 மணி 20 நிமிடம்தான். அதிலும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்கியபின் நிறுத்துமிடம் சேர்வது எல்லாம் அடக்கம்.

வியாசர்பாடி: ஜூலையில போறதுக்கு அதிக நேரம் ஆகுது, வர்றது சீக்கிரம் முடியுது. தென்மேற்குக் காற்று அடிக்கிற மாசமாச்சே, போகும்போதுதானே தள்ளிவிடணும்?

நல்ல கேள்வி தம்பி. தென்மேற்குக் காற்று கீழேதான். அதே ஜூன்–செப்டம்பரில், தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே பலத்த காற்றோட்டம் ஓடும். கீழைத் தாரைக்காற்று என்பார்கள் (கீழை என்றால் கிழக்கு). இதை 1950-களில் ஆராய்ந்து எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். அதன் மையம் 14–16 கி.மீ. உயரத்தில். விமானம் 10–12 கி.மீ.யில் பறப்பதால் முழு வேகமும் படாது. ஆனாலும் கணக்கில் தெரியும். மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் 2,900 கி.மீ. என்றால் மூன்றரை மணி நேரம். 50 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் 3 மணி 43 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 3 மணி 18. ஏற்ற இறக்கத்துக்கும் தரையில் ஊர்வதற்கும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம்: எங்க தாத்தா கப்பல்ல போனாராம். எத்தனை நாள் ஆகியிருக்கும்?

18 நாட் (கப்பல் வேக அளவு), அதாவது மணிக்கு 33 கி.மீ. ஓடும் கப்பலென்றால், நிற்காமல் போனாலே மூன்றரை நாளுக்கு மேல். நாகப்பட்டினம், பினாங்கு என்று ஆள் ஏற்றி இறக்கினால் இன்னும் கூடும். இந்த வழியில் ஓடிய எம்.வி. சிதம்பரம், 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்ததோடு நின்றுபோனது.

காசிமேடு: கொழும்பு வழியா டிக்கெட் மலிவா இருக்கே?

மொத்தம் சுமார் 3,400 கி.மீ., 500 கி.மீ.தான் கூடுதல். நேரத்தைத் தின்பது தூரமல்ல, கொழும்பில் காத்திருப்பது. இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். தனித்தனி டிக்கெட்டாக இருந்து முதலாவது தாமதமானால் இரண்டாவது போச்சு.

திருவொற்றியூர்: 17-ம் தேதி 00.30-க்கு விமானம். எப்ப கிளம்பணும்?

16-ம் தேதி இரவே. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 17-ம் தேதி இரவு போய் நிற்பார்கள், விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். 9.30-க்குள் விமான நிலையத்தில் இருங்கள். நீல வழித்தட மெட்ரோ நேராக அங்கேயே போகும், ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். 8 மணிக்கு ஏறிவிடுங்கள். 11-க்கு மேல் மெட்ரோ கிடையாது.