பொறியியல் வகுப்பில் ‘செயல்வழிக் கற்றல்’ என்றால் என்ன, அதனால் பயன் உண்டா?

ஆசிரியர் ஒரு மணி நேரம் பேச, மாணவர்கள் கேட்டு எழுதிக்கொள்வது விரிவுரை. நடுநடுவே மாணவர்களே கணக்கைப் போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து, தவறைத் திருத்திக்கொண்டு போவது செயல்வழிக் கற்றல்.

பலகையில் ஆசிரியர் போடும் கணக்கு எல்லோருக்கும் புரிந்த மாதிரியேதான் இருக்கும். சரி, சுவரில் சாய்ந்த ஏணி ஒன்றைக் கொடுத்து அதன் மீதான விசைகளை வரையச் சொல்லுங்கள். தரையின் உராய்வு விசை சுவரை நோக்கி இருக்க வேண்டும். சிலர் எதிர்ப்பக்கம் அம்புக்குறி போடுவார்கள். அந்தத் தவறு வகுப்பிலேயே தெரிந்தால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். இல்லையென்றால் தேர்வுத்தாளில்தான் வெளிவரும்.

அம்மா புள்ளிக்கோலம் போடுவதைப் பல வருடம் பார்த்திருப்போம். கோலமாவை நாமே கையில் எடுக்கும்போதுதான் எந்தப் புள்ளியை எப்படிச் சுற்றுவது என்று தெரியாமல் நிற்போம்.

அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் குறித்த 225 ஆய்வுகளை 2014-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி சராசரியாக 34 சதவீதம், செயல்வழி வகுப்புகளில் 22. அரியர் வைத்துத் தவித்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அருமை தெரியும்.

இதில் ஆசிரியருக்கு வேலை குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நல்ல கேள்வி ஒன்றைத் தயாரிக்கவே ஒரு மாலைப்பொழுது போய்விடும், அதற்கான நேரத்தையும் பயிற்சியையும் கல்லூரிதான் கொடுக்க வேண்டும்.