அசோகமித்திரனின் எளிமை – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை இப்போதுதான் முதன்முதலாக வாசித்தேன். ஒரே இருப்பில் முடிந்துவிட்டது. நின்று ரசிக்கும்படி உவமையோ வர்ணனையோ பெரிதாக இல்லை. யாரும் எழுதிவிடலாம் போன்ற நடை. ஆனால் அதன் நாயகி ஜமுனா இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. நான் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். அணியும் அலங்காரமும் உள்ள கட்டுரைக்குத்தான் இதுவரை கூடப் புள்ளி போட்டு வந்திருக்கிறேன். இந்த நடையை எந்தக் கணக்கில் வைப்பது?

கரவெட்டியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

யாரும் எழுதிவிடலாம் என்று தோன்றும். ஒரு பக்கம் அப்படி எழுதிப் பாருங்கள், கை நடுங்கும். இரண்டாவது வரியிலேயே ‘பாவம்’ என்றோ ‘கொடுமை’ என்றோ எழுதிவிடுவோம். அவர் அந்தச் சொற்களைத் தொடுவதே அபூர்வம்.

சாகத் துணிந்த ஜமுனாவிடம் அயலில் இருக்கும் டீச்சரம்மா தன் கதையைச் சொல்லும் இடத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். தன்னைவிட மிக மூத்த, நோயாளியான ஒருவருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண் அவள். வேறொருவர் எழுதியிருந்தால் அது கண்ணீரும் ஆவேசமுமாகப் பொங்கியிருக்கும். இங்கே நடந்தது நடந்தபடி வருகிறது. அழுவதா வேண்டாமா என்பது எங்கள் பொறுப்பு. இவ்வளவு மரியாதையாக வாசகரை நடத்திய எழுத்தாளர்கள் தமிழில் குறைவு.

இந்தக் குரல் எங்களுக்குப் புதிதும் அல்ல. போரில் யாழ்ப்பாணத்தைவிட்டு எல்லோரும் வெளியேறிய 1995 இடப்பெயர்வைப் பற்றி வயதானவர்களிடம் கேட்டிருப்பீர்கள். செம்மணிப் பக்கம் சனநெரிசலில் அசையமுடியாமல் நின்றது, மழை பெய்தது, குடையைத் தலைகீழாகப் பிடித்து அந்தத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்தது. அவ்வளவுதான் சொல்வார்கள். ‘துயரம்’ என்று ஒரு சொல் வராது. கேட்கிற எங்களுக்குத்தான் தொண்டை அடைக்கும்.

அடுத்து ‘18வது அட்சக்கோடு’ வாசியுங்கள். 1948ஐ ஒட்டிய ஹைதராபாத், நிஜாம் ஆட்சிக்காக ஆயுதம் ஏந்திய ரஜாக்கார்கள், இந்திய இராணுவம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் கதை கிரிக்கெட் விளையாடும் சந்திரசேகரன் என்ற பையனோடுதான் போகிறது. கடைசியில், தன் குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு முஸ்லிம் பெண் அவன் முன்னால் ஆடையைக் களைகிறாள். அவன் ஓடுகிறான். அதற்குமேல் விளக்கம் கிடையாது. ஊரடங்கும் சுற்றிவளைப்பும் கண்டு வளர்ந்தவர்கள் அந்தப் பக்கங்களைச் சும்மா புரட்டிவிட முடியாது.

சரி, வகுப்புக்கு வருவோம். கம்பனைப் படிப்பிக்க அணி வேண்டும், அதைக் கைவிடச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பாடவேளையில் ‘புலிக்கலைஞன்’ சிறுகதையை உரத்து வாசித்துக் காட்டுங்கள். அசோகமித்திரன் பல வருடம் வேலைபார்த்த சினிமா ஸ்டூடியோ உலகம்தான் அதன் களம். அங்கே வேலை கேட்டு வரும் காதர் புலியாக மாறி நடித்துக் காட்டும் பகுதியில் வினைச்சொற்களுக்கு மட்டும் கோடிடச் சொல்லுங்கள். அந்தப் புலி எந்தச் சொற்களால் எழும்பி நிற்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பிறகு அவர்களை வீட்டுக் கிணற்றடியைப் பற்றி ஒரு பக்கம் எழுதவிட்டு, என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.