கோடை வெயிலுக்கு வீட்டிலேயே என்னென்ன பானங்கள் செய்து குடிக்கலாம்?

பாட்டில் குளிர்பானம் எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை, வீட்டிலேயே செய்ய எளிதாக ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அடங்காததற்குக் காரணம் இருக்கிறது. வெயிலில் உடம்பை விட்டுப் போவது தண்ணீர் மட்டுமில்லை, வியர்வையோடு உப்பும் போகிறது. பாட்டில் பானங்களில் பெரும்பாலானவற்றில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும்; உப்பு பேருக்குத்தான். குடிக்கும்போது தொண்டை ஜில்லென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி வாய் வறளும். அதனால் கோடைப் பானம் என்றால் நான் பார்ப்பது இரண்டுதான்: நீர்க்க இருக்கிறதா, அதில் கொஞ்சமாவது உப்பு இருக்கிறதா. ரோஸ் மில்க், ஃபலூடா, ஜிகர்தண்டா எல்லாம் சாப்பிட நன்றாகத்தான் இருக்கும், மதுரைக்காரனான எனக்கு ஜிகர்தண்டாவைக் குறை சொல்ல மனசு வராது. ஆனால் அவை பலகாரம். தாகத்துக்கு வேறு வேண்டும்.

முதல் இடம் நீர்மோருக்கு. மற்றதெல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால்தான். மோரைப் பெருக்கு, நெய்யை உருக்கு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா, அந்தப் ‘பெருக்கு’வில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு கப் தயிருக்கு நாலு கப் தண்ணீர். டம்ளரைச் சாய்த்தால் ஓரத்தில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஒட்டக் கூடாது, தண்ணீர் மாதிரி வழிந்துவிட வேண்டும். மத்தால் கடைந்து வெண்ணெய் எடுத்த மோர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. மிக்ஸிதான் இருக்கிறது என்றால் ஓரிரு சுற்று போதும். அதிகம் ஓடவிட்டால் சூடேறி, வெண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், குடிக்கும்போது அண்ணத்தில் ஒட்டும்.

ஒரு லிட்டர் மோருக்கு அரை டீஸ்பூனிலிருந்து முக்கால் டீஸ்பூன் வரை கல்லுப்பு. விரல் நீளத்தில் பாதி இஞ்சி, ஒரே ஒரு பச்சை மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, கொஞ்சம் கொத்தமல்லித் தண்டு ஆகியவற்றை நைய நசுக்கி மோரில் போட்டுக் கால்மணி நேரம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். வடிகட்டுவதை விட்டுவிடாதீர்கள். தாகத்தோடு மடக்மடக்கென்று குடிப்பவர் தொண்டையில் மிளகாய்த் துண்டு சிக்கினால் புரையேறிவிடும். கட்டிப் பெருங்காயத்தைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து அந்தத் தண்ணீரில் அரை ஸ்பூன் சேருங்கள், தூளைவிட வாசனை நன்றாக இறங்கும். கடுகு தாளிப்பது எனக்குப் பிடிக்காது. எண்ணெய் மேலே மிதந்து நாக்கில் படலமாகிவிடும். கேரளத்தில் சம்பாரம் என்று செய்வார்கள், அதில் சின்ன வெங்காயமும் நாரத்தை இலையும் நசுக்கிப் போடுவார்கள். நாரத்தை இலை கிடைத்தால் நீங்களும் போட்டுப் பாருங்கள், அதன் மணத்துக்கே இன்னொரு டம்ளர் குடிக்கலாம். இன்னொன்று: புளித்த மோரைப் பித்தளைப் பாத்திரத்தில் வைக்காதீர்கள். எவர்சில்வர் அல்லது மண்பானை.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்க மதுரைக்கு வரும்போது வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். எங்கள் தெருவிலும் உண்டு. பெரிய அண்டாவில் மோரைக் கரைத்து, இடித்த இஞ்சி மிளகாயை வெள்ளைத் துணியில் முடிந்து அண்டாவுக்குள் தொங்கவிடுவார் பெரியப்பா. அவ்வப்போது அந்த முடிச்சைப் பிழிந்துவிட்டு, கரண்டியால் ஒரு வாய் எடுத்து ருசி பார்ப்பார். “டேய், உப்பு பத்தலடா, இன்னும் ஒரு கை போடு. நடந்து வர்ற சனம்” என்பார். பக்கத்திலேயே பானகமும் கலர் சர்பத்தும் இருக்கும். பிள்ளைகள் சர்பத்துக்குப் போவார்கள். ராத்திரியெல்லாம் நடந்து, சட்டை முதுகோடு ஒட்டிப்போய் வருகிற ஆட்கள் நேராக மோர் அண்டாவுக்குத்தான் வருவார்கள், ஒரு டம்ளரை நின்றபடியே குடித்துவிட்டு “இன்னொண்ணு ஊத்துங்கண்ணே” என்று நீட்டுவார்கள். எது தேவை என்று உடம்புக்குத் தெரிகிறது.

குளிர்ச்சிக்கு ஐஸ் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் காய்ச்சிய தண்ணீரில் செய்த ஐஸ் என்றால் சரி. வெளியில் வாங்கும் கட்டி ஐஸ் வேண்டவே வேண்டாம், மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸும் அதுவும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம். என் சிபாரிசு மண்பானை. பானையின் நுண்துளைகள் வழியே தண்ணீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வறண்ட காற்று அடிக்கிற வேலூர், கரூர் பக்கம் இது அருமையாக வேலை செய்யும். சென்னையில் கடல்காற்றின் ஈரத்தால் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும், அதனால் அவ்வளவு குளிராது. பானையை ஆற்று மணல் பரப்பிய தட்டில் வைத்து மணலை ஈரமாகவே வைத்திருங்கள், ஜன்னலோரம் காற்றுப் படும்படி வையுங்கள். புதுப் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, முதல் இரண்டு நாள் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள், மண்வாடை போய்விடும். உள்ளே ஒரு பிடி வெட்டிவேரைக் கழுவித் துணியில் கட்டிப் போடலாம். அந்த வேரை மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் காயவைக்காவிட்டால் வழுவழுப்பு வந்துவிடும்.

அடுத்தது பானகம். ஸ்ரீராம நவமிக்கு மட்டும் செய்கிற நைவேத்தியம் என்று நினைத்து மற்ற நாளில் மறந்துவிடுகிறோம். ஆந்திராவில் மங்களகிரி நரசிம்மருக்கு நித்தமும் பானகம்தான் படையல். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை, துளியூண்டு உப்பு. இந்தச் சேர்க்கைக்குப் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. குடலில் குளுக்கோஸும் உப்பிலுள்ள சோடியமும் கைகோத்துத்தான் உள்ளே போகும், அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லை அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய்வழியாகக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார் டாக்டர் திலீப் மஹலனாபிஸ். இன்று மருந்துக்கடையில் வாங்குகிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் அடிப்படை அதுதான். அவசரத்துக்கு வீட்டில் கலப்பதென்றால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. அளவு மாறக் கூடாது. சர்க்கரை கூடிவிட்டால் குடல் தண்ணீரை உள்ளே விடுவதற்குப் பதிலாக உடம்பிலிருந்து இழுக்கும்.

அதனாலேயே கோயிலில் தருகிற தித்திப்பில் நான் பானகம் செய்வதில்லை. ஒரு லிட்டருக்கு 50, 60 கிராம் வெல்லம், கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சுக்குப்பொடி, இரண்டு ஏலக்காய், அரை மூடி எலுமிச்சை. வெல்லத்தைக் கரைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள், அடியில் மண் தங்கும். மேலாக ஊற்றி வடிகட்டுங்கள். நாலு துளசி இலை கிள்ளிப் போட்டால் போதும். எலுமிச்சைக்குப் பதில் புளியும், வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டியும் போடுபவர்கள் உண்டு. அதற்குத் தனி ருசி.

நன்னாரி சர்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் விற்பதில் பல வெறும் எசென்ஸ். நாட்டுமருந்துக் கடையில் வேராக வாங்குங்கள். நல்ல நன்னாரி வேர் மெல்லிசாக, கம்பி மாதிரி, கரும்பழுப்பாக இருக்கும். தடியாக, சதைப்பற்றோடு கொடுத்தால் அது மாகாளிக் கிழங்காக இருக்கலாம்; மணம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அது ஊறுகாய்க்கு உரியது. 100 கிராம் வேரைக் கழுவிக் காயவைத்து, இடிகல்லில் லேசாகத் தட்டினால் தோல் பிளந்து உள்ளே வெள்ளையாக நரம்பு தெரியும். அதை உருவிப் போட்டுவிடுங்கள். மணமெல்லாம் தோலில்தான். ஒரு லிட்டர் கொதிக்கிற தண்ணீரை அதன்மேல் ஊற்றி, இறுக்கி மூடி, ராத்திரி முழுக்க வையுங்கள். வேரைப் போட்டுக் கொதிக்கவிடாதீர்கள், மணம் ஆவியோடு போய்விடும். காலையில் வடிகட்டி, முக்கால் கிலோ சர்க்கரை சேர்த்துப் பிசுக்குப் பதம் வரும்வரை மட்டும் காய்ச்சி இறக்கி, ஆறியதும் ஒரு எலுமிச்சை பிழிந்து பாட்டிலில் ஊற்றிவிடலாம். பிரிட்ஜில் வைத்தால் கோடை முழுக்க வரும். ஒரு டம்ளர் பானைத் தண்ணீருக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, அரை எலுமிச்சை. இளசான நுங்கைப் பிய்த்துப் போட்டுக் கொடுத்தீர்கள் என்றால் வீட்டுக்கு வந்த விருந்தாளி எழுந்து போக மாட்டார். சப்ஜா போடுவதாக இருந்தால் நன்றாக ஊறவைத்து மட்டும் போடுங்கள். காய்ந்த விதை தொண்டையில் போய் உப்பினால் அடைத்துக்கொள்ளும், குழந்தைகளுக்கு ரொம்ப ஆபத்து.

வெளியில் வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால் காலையில் கம்மங்கூழ் அல்லது நீராகாரம் கொடுங்கள். ராத்திரி மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் அந்த நீரில் மோரும் உப்பும் கலந்து, கூட நாலு சின்ன வெங்காயம். செலவு என்று சொல்ல எதுவுமே இல்லை, மத்தியானம் வரை பசியும் தெரியாது.

வட இந்தியப் பானங்களில் எனக்குப் பிடித்தது ஆம் பன்னா. புளிப்பு மாங்காயை வேகவைத்துச் சதையைப் பிசைந்து, வறுத்த சீரகப்பொடி, கறுப்பு உப்பு, புதினா, கொஞ்சம் வெல்லம் சேர்த்து நீர்க்கக் கரைப்பது. அங்கே ‘லூ’ என்கிற அனல்காற்று வீசும்போது இதைத்தான் குடிப்பார்கள். பீகாரில் வறுத்த கடலை மாவை உப்பு, எலுமிச்சை, வெங்காயத்தோடு தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள், அந்த மாவுக்கு அங்கே ‘சத்து’ என்று பெயர், அதனால் இது சத்து சர்பத். கொங்கணத்தில் கோகம் என்கிற புளிப்புப் பழத்தில் செய்வார்கள். நம் ஊர்க் கடைகளில் காய்ந்த கோகம் கிடைத்தால் வாங்கி ஊறவையுங்கள், நிறமே அழகு.

சில பேர் கவனமாக இருக்க வேண்டும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு நீர்மோர் போதும், பானகமும் சர்பத்தும் வேண்டாம். சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் தண்ணீர் அளவையே மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பொட்டாசியம் இருப்பதால் இளநீரும் அப்படித்தான். ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு எந்த வெயிலிலும் தாய்ப்பால் மட்டும்.

இது முக்கியம்: வெயிலில் நின்ற ஒருவருக்கு உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் மோர் கலக்கிக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்க ஈரத்துணி போட்டு விசிறுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும்.