கழுத்தில் ஒளிர்ந்தால் புற்றுநோயா?

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. ஹாட்கின் லிம்ஃபோமாவுக்கு (நெறிக்கட்டிகளில் வரும் ஒரு புற்றுநோய்) கீமோ முடிந்து ஒரு வருடம் ஆகிறது. மார்கழியில் விடியற்காலை அண்ணனோடு பைக்கில் சேலத்துக்கு இறங்கிப்போய் பெட்-சிடி (பெட், சிடி இரண்டு ஸ்கேனும் சேர்ந்தது) எடுத்தாள். கழுத்தின் இரண்டு பக்கமும் ஒளிர்கிறது, எஸ்யுவி (ஊசி மருந்தை ஓர் இடம் எவ்வளவு இழுத்தது என்ற அளவு) 8 என்று ரிப்போர்ட். கம்ப்யூட்டர் வட்டம் போட்ட படத்தை மகன் ஃபோனில் ஏஐயிடம் காட்டினான். நோய் திரும்பிவிட்டது என்கிறது. ஊசியின் கதிர்வீச்சு பேரக்குழந்தையைப் பாதிக்குமா? சர்க்கரையை நிறுத்தலாமா? கழுத்து வலிக்கு இப்போது மெடிக்கலில் கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறாள்.
– வாசகி, ஏற்காடு

பதில்: மார்கழி விடியலில், வெறும் வயிற்றோடு, 20 கொண்டை ஊசி வளைவும் பைக்கில் இறங்கி வந்த ஒல்லியான பெண்ணுக்குக் கழுத்து ஒளிராமல் இருந்தால்தான் ஆச்சரியம். (ஒல்லி என்பது என் ஊகம்.)

பெட் ஸ்கேன் புற்றுநோயைத் தேடுவதில்லை அம்மா, சர்க்கரை எங்கே போகிறது என்று தேடுகிறது. ஊசியில் போட்டது, கதிர்வீசும் ஃப்ளூரின்-18 ஒட்டிய குளுக்கோஸ். எந்தத் திசு அதை அதிகமாக இழுக்கிறதோ, அது ஒளிரும். குளிரில் உடம்பைச் சூடாக்க வேலை செய்யும் பழுப்புக் கொழுப்பு கழுத்திலும் காறை எலும்புக்கு மேலேயும் இருக்கிறது, இளம்பெண்களிடம் அதிகமாகவே. அதுவும் சர்க்கரையை இழுக்கும். எஸ்யுவி 8 வரை போவது அதிசயமில்லை. அதே படத்தில் மூளையும் சிறுநீர்ப்பையும் இதைவிடப் பளிச்சென்று இருந்திருக்குமே, அதை ஏன் உங்கள் மகன் ஏஐயிடம் கேட்கவில்லை?

நான் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவர் அணு மருத்துவ நிபுணர். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஒளிரும் இடத்தில் சிடியில் இருப்பது கொழுப்பா, நெறிக்கட்டியா? சிடி ஒவ்வொரு இடத்தின் அடர்த்தியையும் ஓர் எண்ணாகக் காட்டும்: கொழுப்பு மைனஸ் எண்ணாக வரும், நெறிக்கட்டி பிளஸ். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒளிர்ந்து, அடியில் கொழுப்பு மட்டும் இருந்தால் பேச்சு முடிந்தது.

வட்டம் போட்ட மென்பொருள் மேல் எனக்குக் கோபமில்லை. பளிச்சென்று இருப்பதைக் காட்டு என்றார்கள், காட்டியது. சிடி எண்ணையும் சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் இந்த மாதிரி வீண் வட்டங்கள் குறையும். ஆனால் அதற்கு இரண்டு படமும் சரியாகப் பொருந்த வேண்டும். சிடி சில நொடிகளில் முடிந்துவிடும், பெட்டுக்குக் கால் மணி நேரமாவது ஆகும். இடையில் தலை கொஞ்சம் திரும்பினாலும் கொழுப்பின் ஒளி பக்கத்து நெறிக்கட்டி மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படி விலகிய படங்களைப் பொருத்துவதிலும், மருந்தைக் குறைத்துப் போட்டு எடுத்த கரகரப்பான படத்தைத் தெளிவாக்குவதிலும் கம்ப்யூட்டர் இன்று நன்றாகவே கைகொடுக்கிறது. ரிப்போர்ட்டின் ஒரு பக்கத்தை ஃபோனில் காட்டித் தீர்ப்பு வாங்குவது அந்த ரகமில்லை.

பேரக்குழந்தையைத் தாராளமாகக் கொஞ்சட்டும். அந்த மருந்தின் வீரியம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும், மறுநாள் காலையில் பேருக்குக்கூட இருக்காது. சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்கும் என்பது வாட்ஸ்அப் வைத்தியம். விடுங்கள்.

எனக்குக் கவலை அந்த மாத்திரைதான். மெடிக்கலில் வலிக்கென்று கலந்து கொடுக்கும் பொட்டலத்தில் பல சமயம் ஸ்டீராய்டு இருக்கும். லிம்ஃபோமா ஸ்டீராய்டுக்குச் சுருங்கும். நாளைக்கு நிஜமாகவே ஒரு கட்டி வந்து, அதில் துணுக்கெடுத்து பயாப்சி பார்த்தால், நோய் ஒளிந்துகொண்டு 'ஒன்றுமில்லை' என்று வந்துவிடலாம். மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும்.

எதைப் பார்த்தால் ஓட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். கழுத்திலோ அக்குளிலோ ஒரு பக்கம் மட்டும், வலியே இல்லாமல், ரப்பர் மாதிரி ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டு, 2 வாரமாகியும் கரையாமல் பெருத்தால், அடுத்த ஸ்கேன் தேதி வரை காத்திருக்காதீர்கள். கூடவே காரணமில்லாத காய்ச்சலோ, இரவில் துணி நனைகிற வியர்வையோ இருந்தால் அந்த வாரமே காட்டுங்கள். வலிக்கிற கட்டி பெரும்பாலும் தொண்டைப் புண்ணாலோ பல் சொத்தையாலோ வருவது.

அடுத்த முறை முந்தின நாளே சேலம் வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கட்டும். ஸ்வெட்டர் போட்டு, ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே போர்வையோடு கதகதப்பாக இருக்கட்டும், ஏசி அறையில் குளிர்ந்தால் டெக்னீஷியனிடம் வாய்விட்டுச் சொல்லட்டும். இப்போதைக்கு அந்த மாத்திரைகளையும் ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு, கீமோ கொடுத்த டாக்டரை இந்த வாரமே பாருங்கள். எத்தனை நாள் சாப்பிட்டாள் என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.