குரோமியம் ஆய்வுக்குச் செயற்கை மழை: ஷவரும் போர் தண்ணீரும் போதுமா?

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் ஆலைக் கசடு கலந்த நிலத்து மண்ணை வைத்து முதுகலை ஆய்வு செய்கிறேன். மழையில் எவ்வளவு குரோமியம் அடித்துச் செல்லப்படுகிறது என்று அளக்க வேண்டும். மண் தட்டுக்கு மேலே ஷவர் மாட்டி, கல்லூரி போர் தண்ணீரை விட்டால் போதுமா?

பதில்: ஷவருக்கு மாற்று கிடைத்துவிடும். போர் தண்ணீர்தான் ஆய்வையே கெடுக்கும்.

மழைநீரில் உப்பு மிகக் குறைவு. அதனால் துளி பட்டு மண்கட்டி உடைந்ததும் களிமண் துகள்கள் நீரில் பிரிந்து மிதக்கின்றன. உப்பு மிகுந்த நிலத்தடி நீரில் அதே துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சீக்கிரம் படிந்துவிடும்; அரிப்பு குறைவாகத் தெரியும். தோல் ஆலைக் கசடில் இருப்பது பெரும்பாலும் குரோமியம்-3, அதாவது குரோமியத்தின் எளிதில் கரையாத வடிவம். அது கரைந்து ஓடுவதைவிட அந்த நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டு போவதுதான் அதிகம். துகள் குறைந்தால் குரோமியக் கணக்கும் குறையும். ஆபத்தில்லாத நிலம் என்று நீங்கள் எழுதிவிட்டால், பள்ளத்தில் கிணறு வைத்திருப்பவர் அல்லவா பாதிக்கப்படுவார்? மழைநீரையே பிடித்து வையுங்கள், இல்லையென்றால் அயனி நீக்கிய நீர். நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறனை ஒவ்வொரு முறையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது துளியின் வேகம். 5 மில்லிமீட்டர் மழைத்துளி தரையைத் தொடும்போது நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் வரும். 2 மீட்டர் உயரத்திலிருந்து சும்மா சொட்டும் துளிக்கு அதில் பாதி ஆற்றல்கூட இருக்காது. சுமார் 3 மீட்டர் உயரத்தில் பொருத்தி அழுத்தத்தோடு தெளிக்கும் நாசில் வேண்டும். மண்ணை வைக்கும் முன் தட்டின் இடத்தில் டம்ளர்களைப் பரப்பி, எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு நீர் விழுகிறதா என்று பாருங்கள். நீர் எவ்வளவு சமமாக விழுகிறது என்று சொல்லும் கிறிஸ்டியன்சன் சீர்மைக் குணகம் 80 சதவீதத்துக்கு மேல் வர வேண்டும். மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் நிமிடத்துக்கு 1 லிட்டர் விழும். வடகிழக்குப் பருவமழையின் பலத்த மழையை ஆராய இந்த வேகத்தில் தொடங்கலாம்.

தட்டு எவர்சில்வராக இருக்கவே கூடாது, அதிலேயே குரோமியம் இருக்கிறது. பிளாஸ்டிக் தட்டு போதும்.

நீர் வழியத் தொடங்கியதும் 5 நிமிடத்துக்கு ஒரு மாதிரி எடுங்கள். மொத்தமாக ஒரே வாளியில் பிடித்தால் முதலில் அடித்து வருவது எவ்வளவு என்பது தெரியாமலே போய்விடும். மாதிரியை உடனே 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, கரைந்ததைத் தனியாகவும் துகளோடு வந்ததைத் தனியாகவும் அளவிடுங்கள். துகளில் உள்ள செறிவை மூல மண்ணின் செறிவால் வகுத்தால் செறிவூட்ட விகிதம் கிடைக்கும். அது 1-ஐத் தாண்டினால், குரோமியம் மிகுந்த நுண்துகளை மழை பொறுக்கி எடுத்துப் போகிறது என்று பொருள்.

உங்கள் மண், சிப்காட்டில் 1990களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலைக் கழிவுக்குப் பக்கத்தில் எடுத்ததா? அப்படியென்றால் கணக்கே வேறு. அங்கே கவலை குரோமியம்-6. அது நன்றாகக் கரையும், நஞ்சும் அதிகம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். குரோமியம்-6 அளக்கும் மாதிரியில் அமிலம் சேர்க்காதீர்கள், கரிமப் பொருள் இருந்தால் அது குரோமியம்-3 ஆக மாறிவிடும். 4 டிகிரி குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதியுங்கள். மொத்தக் குரோமியத்துக்கான மாதிரியில்தான் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும்.

அப்புறம், மண் இல்லாத காலித் தட்டில் ஒருமுறை மழை விட்டு அந்த நீரையும் சோதித்துவிடுங்கள். அதில் குரோமியம் தெரிந்தால், குழாயிலா நாசிலிலா என்று கண்டுபிடித்து மாற்றும்வரை மண்ணைத் தட்டில் போடாதீர்கள்.