நல்ல பைக்கை நிறுத்திவிட்டுப் பழைய பைக்கை எடுக்கும் முன்: வாசகர் கேள்விகள்

லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய பைக்கை மழையிலும் உப்புக்காற்றிலும் ஸ்டேஷன் ஸ்டாண்டு நெரிசலிலும் விடாமல், அன்றாட ஓட்டத்துக்குச் சாதாரண வண்டி ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்று இம்முறை பலர் எழுதியிருக்கிறார்கள். தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஓடுகிற பழைய வண்டிக்கும் கவனிப்பு வேண்டும். நிற்கிற புது வண்டிக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

650 சி.சி. பைக் வைத்திருக்கிறேன். குரோம் சைலன்சர், ஸ்போக்ஸ் வீல். மழைக்காலத்தில் சோழிங்கநல்லூர் அலுவலகத்துக்கு அதை எடுக்க மனம் வரவில்லை. 2011-இல் அப்பா வாங்கிய ஸ்பிளெண்டர் இரண்டு வருடமாக மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. பெட்ரோல் ஊற்றிக் கிக்கரை உதைத்தால் போதுமா?
— வாசகர், வேளச்சேரி

இப்போதைக்கு உதைக்காதீர்கள். இரண்டு வருடம் நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் முழுக்க வடிந்து போயிருக்கும். பிஸ்டன் ரிங் லேசாகத் துருப்பிடித்து ஒட்டியும் இருக்கலாம். அந்த நிலையில் உதைத்தால் சிலிண்டரில் கோடு விழும். அதன்பின் வண்டி ஆயுளுக்கும் நீலப்புகைதான்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக அரை டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, ஓர் இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் சாவியை ஆஃபில் வைத்து, பிளக் இல்லாமலேயே கிக்கரைக் கையால் மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை அழுத்துங்கள். தடையில்லாமல் இறங்கினால் நல்லது. எங்காவது பிடித்தால் பலம் கொடுக்காமல் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள்.

அடுத்து ஆயில். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பழைய ஆயிலை இறக்கிவிட வேண்டும். "ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றலாம்" என்பது இங்கே பொருந்தாது. புது ஆயில் ஒரு லிட்டருக்குக் குறைவாகவே பிடிக்கும், ஆகவே டின்னை அப்படியே கவிழ்க்காதீர்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அளவுக்குச்சியைத் திருகாமல் துளையில் வைத்து மட்டும் எடுத்துப் பாருங்கள். திருகிப் பார்த்தால் அளவு தவறாகக் காட்டும்.

டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோல் வார்னிஷ் வாசனை அடிக்கும். அதை முழுக்க இறக்கி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மெல்லிய துரு என்றால் கொஞ்சம் பெட்ரோலோடு ஒரு பழைய செயின் துண்டைப் போட்டுக் குலுக்கிக் கொட்டினாலே பெரும்பாலும் வந்துவிடும். கொட்டியபின் செயின் துண்டு வெளியே வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செதில் செதிலாக உரிந்தால் டேங்கையே மாற்றுவது நல்லது, இல்லையென்றால் கார்ப்பரேட்டர் வாரம் ஒருமுறை அடைக்கும். பெட்ரோல் டியூபையும் மாற்றிவிடுங்கள். 2011-இல் செய்த ரப்பர் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டதல்ல. வெடித்த டியூப் சூடான இன்ஜின்மேல் பெட்ரோலைச் சொட்டும். கார்ப்பரேட்டரைத் திறந்து, பெட்ரோல் போகும் நுண்துளைகளான மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் இரண்டையும் கிளீனர் அடித்து, காற்று விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். பட்டறையில் யாராவது ஜெட்டுக்குள் கம்பியை நுழைக்க வந்தால் தடுத்துவிடுங்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் மைலேஜ் இறங்கிவிடும்.

பேட்டரி செத்திருந்தாலும் இந்த வண்டி கிக்கரில் ஸ்டார்ட் ஆகும். அதனால் பலர் அப்படியே ஓட்டுகிறார்கள். ஹாரனும் இண்டிகேட்டரும் இல்லாமல் ஓ.எம்.ஆர். சாலையில், அதுவும் மழையில் போவது ஆபத்து. புது பேட்டரி போடுங்கள்.

டயரும் பிரேக்கும்தான் எங்களுக்கு மிகவும் கவலை தருபவை. பழைய வண்டிதானே என்று எல்லோரும் பணத்தை மிச்சம் பிடிக்கிற இடமும் இதுதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்; 1418 என்றால் 2018-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வயதைத் தாண்டியிருந்தாலோ பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தாலோ, பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுங்கள். கெட்டியாகிப்போன ரப்பர் ஈரச் சாலையைப் பிடிக்காது. கூடவே டியூபையும் ரிம் டேப்பையும் மாற்றுங்கள். 2.75-18 அளவு டயரில் தனியாகப் போகும்போது முன்னால் 25, பின்னால் 28 பவுண்டு காற்று; பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்கு 41.

டிரம் பிரேக்கை வீலைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். நின்ற வண்டியில் ஷூவின் மேல் ஒட்டிய லைனிங் பசை விட்டுக் கழன்று வரும். ஓடும்போது அப்படிக் கழன்றால் வீல் ஜாம் ஆகிவிடும். லைனிங் தடிமனாக இருந்தாலும் வயதானதென்றால் மாற்றுங்கள். டிரம்மின் உட்புறத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஷூவை விரிக்கும் கேம் தண்டுக்கு மட்டும் துளி கிரீஸ் வையுங்கள்.

செயின் மூடிய கவருக்குள் இருப்பதால் அதை யாரும் நினைப்பதேயில்லை. கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள்: 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் சரி.

காகிதங்கள் வேறு இருக்கின்றன. தனியார் வாகனப் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். 2011 வண்டிக்கு 2026-இல் முடிகிறது. ஆர்.சி. புத்தகத்தில் தேதியைப் பாருங்கள். முடிவதற்கு 60 நாள் முன்பிலிருந்து படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட வேண்டும். தேறினால் ஐந்து ஆண்டு நீட்டிப்பு கிடைக்கும். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூட எடுக்காதீர்கள்.

பழைய வண்டிதானே, முழங்கால் தண்ணீரில் இறக்கலாமா?
— அதே வாசகர்

வேண்டாம். தண்ணீர் உள்ளே போனால் எந்த விலை இன்ஜினும் ஒரே மாதிரிதான் உடையும். காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவியைப் பிஸ்டனால் அழுத்த முடியும், தண்ணீரை அழுத்த முடியாது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வீல் நடுவில் உள்ள அச்சு மூழ்கும் ஆழம் என்றால் திரும்பிவிடுங்கள். அந்த ஆழத்துக்குக் குறைவாக இருந்தாலும் முதல் கியரில், ஆக்சிலரேட்டரை விடாமல், ஒரே வேகத்தில் கடக்க வேண்டும். சுரங்கப்பாதையில் எவ்வளவு ஆழம் என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, ஆகவே மழை நாளில் அந்தப் பக்கமே வேண்டாம்.

நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் கிக்கும் செல்ஃபும் கூடவே கூடாது. தள்ளி வெளியே கொண்டுவந்து, பிளக்கைக் கழற்றி, தண்ணீர் வெளியேறும்வரை கிக்கரை அழுத்துங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் மாற்றாமல் ஓட்டாதீர்கள். கடந்து வந்தபின் டிரம் பிரேக் சிறிது தூரத்துக்குப் பிடிக்காது. மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை லேசாக அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு உலர்த்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். உங்கள் 650 எங்கே நிற்கிறது? அடுக்குமாடியின் அடித்தளத்தில் என்றால், பழைய வண்டி பத்திரமாக அலுவலகம் போய்வர, நல்ல வண்டி வீட்டிலேயே மூழ்கும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் இப்படித்தான் எத்தனையோ வண்டிகள் போயின. கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். பைக்கையும் முந்தைய நாளே மேட்டுக்கு ஏற்றுங்கள். மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ததால் உடைந்த இன்ஜினுக்குச் சாதாரண பாலிசியில் பணம் வராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக எடுத்திருக்க வேண்டும்.

விலை உயர்ந்த பைக்கை மூடி வைத்துவிட்டு, ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து ஆஃப் செய்கிறேன். பேட்டரி போய்விட்டது. ஏன்?
— வாசகர், கோயம்புத்தூர்

அந்த ஐந்து நிமிடத்தால்தான். செல்ஃப் அடித்ததில் பேட்டரி இழந்த மின்சாரத்தை ஐடிலிங் வேகத்தில் திரும்ப ஏற்ற முடியாது. வாரம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக நீங்களே காலி செய்திருக்கிறீர்கள். அலாரம், ஜி.பி.எஸ். இருந்தால் அவையும் நின்ற இடத்திலேயே குடிக்கும். அதைவிட மோசம், பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்தால்தான் அது வெளியேறும். ஐந்து நிமிடத்தில் வராது. அந்த நீர் ஆயிலோடும் சைலன்சருக்குள்ளும் தங்கி உள்ளிருந்தே அரிக்கும்.

ஸ்டார்ட் செய்தால் ஓட்டுங்கள். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இருபது கிலோமீட்டர், எல்லா கியரிலும். முடியாதென்றால் தொடவே வேண்டாம். நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். வண்டி நின்று இரண்டு மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரி நலம். 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போட வேண்டும். பைக் பேட்டரிக்கு ஒரு ஆம்பியர் சார்ஜர் போதும். கார் சார்ஜரில் மாட்டினால் கொதித்துவிடும்.

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. நல்ல பைக்கைக் கவர் போட்டு உள்ளேயே வைத்தும் துரு ஏறுகிறது. தினமும் வெளியே ஓடும் மொபெட் பரவாயில்லை!
— வாசகி, நாகப்பட்டினம்

பிளாஸ்டிக் கவராக இருக்கும் என்று நினைக்கிறோம். உப்பு ஏற்கெனவே வண்டிமேல் படிந்திருக்கிறது. உப்பு ஈரத்தை இழுக்கும். கவர் அந்த ஈரத்தை வெளியே விடாது. நல்ல தண்ணீரில் (போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம்) கழுவி, முழுக்க உலர்ந்து இன்ஜின் ஆறிய பிறகு துணிக் கவர் போடுங்கள். தூசியோடு மூடினால் கவர் காற்றில் ஆட ஆட டேங்கில் கீறல் விழும்.

முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயை முதலில் பாருங்கள். அதில் துருப்புள்ளி விழுந்தால் ஒவ்வொரு குலுக்கலிலும் ஆயில் சீலைக் கிழிக்கும். புது சீல் போட்டாலும் ஒரு மாதத்தில் ஒழுகும். செலவு பெரிது. வாரம் ஒருமுறை துணியில் துளி ஆயில் தொட்டு அந்தக் குழாயைத் துடைத்தாலே போதும். பிரேக் டிஸ்க் பக்கம் ஆயில் போகக்கூடாது. செயினை மண்ணெண்ணெயில் துடைத்து, 90 நம்பர் கியர் ஆயிலை உள்பக்கமாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். சொட்டச் சொட்ட விட்டால் மணல் ஒட்டி ஸ்ப்ராக்கெட்டைத் தின்னும்.

நிற்கும் வண்டிக்கு இன்னும் சில: டேங்கை முழுக்க நிரப்பி வையுங்கள், காலி இடத்தில்தான் ஈரம் சேரும். எத்தனால் கலந்த பெட்ரோலை ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. சென்டர் ஸ்டாண்டு இல்லையென்றால் டயரில் நான்கு பவுண்டு கூடுதலாக அடித்து, வாரம் ஒருமுறை கால்சுற்று உருட்டி நிறுத்துங்கள். சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டும். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி பஞ்சு சேர்க்கும். எடுக்கும் முன் இரண்டையும் பாருங்கள். பிரேக் ஃபுளுயிட் ஓடாத வண்டியிலும் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வீட்டிலிருந்து ஸ்டேஷன் மூன்று கிலோமீட்டர். ஸ்டாண்டில் பைக்கை இழுத்து நெருக்கி அடுக்குகிறார்கள், லிவர் வளைகிறது. இதற்காகவே ஒரு பழைய 100 சி.சி. வாங்குவது லாபமா?
— வாசகர், தாம்பரம்

பெட்ரோல் கணக்கில் பெரிய லாபமில்லை. தினம் ஆறு கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் வருடத்துக்கு 1,800 கிலோமீட்டர். லிட்டருக்கு 25 கொடுக்கும் வண்டிக்கு 72 லிட்டர். 60 கொடுக்கும் வண்டிக்கு 30 லிட்டர். 42 லிட்டர் மிச்சம், அவ்வளவுதான். அதிலிருந்து இன்சூரன்ஸ் போகும்: 75 முதல் 150 சி.சி. வரை மூன்றாம் நபர் பிரீமியம் 2022-இல் 714 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள், வரி தனி. உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு ஒரு வண்டியில் இருந்தால் போதும், இரண்டாவதில் மறுபடி கட்ட வேண்டியதில்லை.

ஆனால் கீறலும் வளைந்த லிவரும் உங்கள் கணக்கில் இருந்தால் வாங்குங்கள். ஸ்டாண்டில் எப்படியும் இழுத்துத்தான் வைப்பார்கள். அதற்கு எடை குறைந்த வண்டி நல்லது. டி.வி.எஸ். எக்ஸ்.எல்.100, ஸ்பிளெண்டர், பிளாட்டினா எல்லாவற்றுக்கும் எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா, கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மூன்று கிலோமீட்டரில் இந்த இன்ஜினும் சரியாகச் சூடாகாது. அதனால் கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள்.

நல்ல வண்டியின் முழு இன்சூரன்ஸை "நிற்கத்தானே செய்கிறது" என்று விட்டுவிட வேண்டாம். திருட்டும் வெள்ளமும் நிற்கும் வண்டிக்கும் வரும். 90 நாளுக்குமேல் விட்டால் சேர்த்த நோ கிளெயிம் தள்ளுபடியும் போய்விடும்.

ஏ.பி.எஸ். உள்ள பைக்கிலிருந்து டிரம் பிரேக் வண்டிக்கு மாறும்போது என்ன கவனிக்க வேண்டும்?
— வாசகர், திருச்சி

கை பழகிய அழுத்தம்தான் பிரச்சினை. டிஸ்க்கில் இரண்டு விரலால் அழுத்தி நின்றவர், டிரம்மில் அதே இரண்டு விரலால் அழுத்தினால் வண்டி நிற்காது. பயத்தில் பின் பிரேக்கை மிதிப்பார். வீல் பூட்டிக்கொண்டு சறுக்கும். வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பதுதான் ஏ.பி.எஸ்.; அது இருந்தபோது அந்தத் தவறை மறைத்திருக்கும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும் அது கட்டாயம். பழைய 100 சி.சி.யில் ஏ.பி.எஸ்.ஸும் இருக்காது, ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டும் பிடிக்கும் சி.பி.எஸ்.ஸும் இருக்காது.

வண்டி மாற்றும் ஒவ்வொரு முறையும் முதல் தெருவிலேயே, பின்னால் யாரும் வராதபோது, 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து மூன்று முறை நிறுத்திப் பாருங்கள். முன் லிவரை நான்கு விரலால், சட்டென்று இல்லாமல் ஏற ஏற அழுத்துங்கள். முன்னால் போகும் வண்டியோடு வழக்கமாக விடும் இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள். சீட்டின் உயரமும் கண்ணாடியின் கோணமும் மாறியிருக்கும், அவற்றையும் நின்ற இடத்திலேயே சரி செய்துகொண்டு கிளம்புங்கள்.