கார்டு கெடவே இல்லை

கேள்வி: கேமில் வேகமாகத் திரும்பினால் திரை குறுக்கே வெட்டுப்பட்டு, மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்பாதி ஒரு பக்கமுமாக விலகித் தெரிகிறது. கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று கடையில் 18,000 ரூபாய்க்குப் புதுசு மாட்டினார்கள். இன்னும் அப்படியேதான் இருக்கிறது. (திருப்பூர்)

பதில்: பழைய கார்டைக் கையோடு வாங்கி வந்தீர்களா? இல்லையென்றால் இன்றே போய்க் கேளுங்கள், அது நல்ல கார்டாகத்தான் இருக்கும். 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 படம் காட்டும் மானிட்டர், ஒரு படத்தை மேலிருந்து கீழாகக் காட்டி முடிக்க ஏறக்குறைய 16 மில்லி செகண்ட் ஆகும். அதற்குள் கார்டு அடுத்த ஃபிரேமை, அதாவது அடுத்த படத்தை, தள்ளினால் நடுவில் வெட்டு விழும். கேம் செட்டிங்ஸில் வி-சிங்க்கை ஆன் செய்தால், மானிட்டர் ஒரு படத்தை முடிக்கும்வரை கார்டு காத்திருந்து அடுத்ததைக் கொடுக்கும். செலவு பூஜ்யம். மவுஸ் மட்டும் சற்று மந்தமாகத் தோன்றலாம். கடைக்காரர் மசியவில்லை என்றால், பில்லை வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. பழையதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா? (மதுரை)

பதில்: விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இன்னும் 60 என்றுதான் இருக்கும், பாருங்கள். மூன்று மாதமாகவா பார்க்கவில்லை?

கேள்வி: 60 ஹெர்ட்ஸ் லேப்டாப். கேமின் மெனுவிலேயே விசிறி இரைகிறது. கூலிங் பேட் வாங்கலாமா? (நாகர்கோவில்)

பதில்: வேண்டாம். நான் 1,400 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன், இப்போது அதன் மேல் மோடம் உட்கார்ந்திருக்கிறது. மெனுவில் இருப்பது அசையாத ஒரு படம், நாலு பட்டன். வரைவது சுலபம் என்பதால் கார்டு நொடிக்கு நூற்றுக்கணக்கில் வரைந்து தள்ளும். திரை காட்டுவதோ 60. மிச்சமெல்லாம் வெறும் சூடு. 2010-ல் ஸ்டார்கிராஃப்ட் 2 கேம் வந்தபோதே இந்தப் புகார் கிளம்பி, செட்டிங் கோப்பில் இரண்டு வரி சேர்த்து வேகத்தைக் கட்டச் சொன்னது அதைத் தயாரித்த பிளிஸார்ட். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் மெனுவுக்குக் கடிவாளம் போடாமல் கேம் விற்கிறார்கள், சூட்டுக்குப் பரிகாரமாக நாம் விசிறி வாங்குகிறோம்! என்விடியா கார்டென்றால் கண்ட்ரோல் பேனலில் 'மேக்ஸ் ஃபிரேம் ரேட்' இருக்கிறது, 60 போடுங்கள்.

கேள்வி: என்விடியா கார்டுக்கு ஃப்ரீசிங்க் மானிட்டர் ஒத்துவராது என்கிறார் கடைக்காரர். ஜி-சிங்க் 9,000 ரூபாய் அதிகம். (சேலம்)

பதில்: திரையின் வேகத்தைக் கார்டின் வேகத்தோடு இசைக்கும் நுட்பங்கள்தான் இரண்டும்; ஃப்ரீசிங்க் ஏஎம்டியுடையது, ஜி-சிங்க் என்விடியாவுடையது. ஆனால் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டு முதல், 2019 ஜனவரியிலிருந்தே டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வழியாக ஃப்ரீசிங்க் ஒத்துவருகிறது. கடையை மாற்றுங்கள்.

கேள்வி: 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். கேம் 45 ஃபிரேம்தான் ஓடுகிறது. (ஓசூர்)

பதில்: 45 ஓட்டுகிற கார்டுக்கு 45-தான் வரும். வாங்கும் முன்னால் எழுதியிருக்கலாம்.